லாரிகளுக்குக் கண்ணாடி இழை லீஃப் ஸ்பிரிங் ஏற்றதா?

மதிவாணன்:
வண்டியின் எடையை வளைந்து தாங்கும் பட்டைதான் லீஃப் ஸ்பிரிங். 1981-இல் செவ்ரோலே கார்வெட் காரின் ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளில், பின்புற எஃகு பிளேட் அடுக்கை எடுத்துவிட்டுக் கண்ணாடி இழையும் எப்பாக்ஸிப் பிசினும் சேர்ந்த ஒற்றைப் பிளேட்டைக் குறுக்காகப் பொருத்தினார்கள். ஏறத்தாழ 20 கிலோ இருந்த எடை 4 கிலோவுக்கும் கீழே இறங்கியது. ஒரு கிலோ பொருள் எவ்வளவு ஆற்றலைச் சேமிக்கும் என்பது வலிமையின் வர்க்கத்தோடு கூடும். அடர்த்தியும் விறைப்பும் ஏற ஏறக் குறையும். இந்தக் கூட்டுப்பொருளின் விறைப்பு எஃகில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு, அடர்த்தி நான்கில் ஒரு பங்கு. அதனால் அதே ஆற்றலைச் சேமிக்கக் குறைந்த எடையே போதும். லாரிகள் மட்டும் இன்னும் எஃகைச் சுமப்பது ஏன்?

செங்கோடன்:
தம்பி, கார்வெட் இங்கே சான்றாகாது. அந்தக் காரில் சக்கரத்தை நிலைநிறுத்தத் தனிக் கைகள் உண்டு. ஸ்பிரிங் எடையைத் தாங்கினால் போதும். லாரியில் ஆக்ஸிலை, அதாவது சக்கர அச்சை, பிடித்திருப்பதே லீஃப் ஸ்பிரிங்தான். பிரேக் மிதிக்கையில் எழும் முறுக்கும் வளைவில் வரும் பக்கவாட்டுத் தள்ளலும் அதன் கண் (முனையில் போல்ட் நுழையும் வளையம்) வழியாகவே சேஸிஸுக்கு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்கு, போகின்றன. நீளவாக்கில் ஓடும் இழைகளைக் கண்ணில் போல்ட் போட்டு இழுத்தால், இடையிலுள்ள பிசின்தான் முதலில் பிளக்கும். மேலும், எஃகில் ஒரு பிளேட் முறிந்தால் அதை மட்டும் மாற்றி அன்றே வண்டியை அனுப்பிவிடுகிறோம்.

மதிவாணன்:
கண்ணை எஃகில் செய்து முனையில் பொருத்தலாம், அண்ணா. உடையும் விதத்தையும் பாருங்கள்: எஃகு பிளேட் சட்டென்று முறியும், கூட்டுப்பொருள் அடுக்கடுக்காகப் பிரிந்து, வண்டி ஒரு பக்கம் தாழ்வதன் மூலம் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். 2015-இல் வந்த வால்வோ எக்ஸ்சி90 பின்புறத்தில் இதே வகை ஸ்பிரிங்கை வைத்துச் சுமார் 4.5 கிலோ குறைத்தது.

செங்கோடன்:
அதுவும் குறுக்கே வைத்த ஸ்பிரிங்தானே! சட்டென்று முறியும் என்பதும் முழு உண்மையன்று. பட்டறைக்கு வருகிற பிளேட்டுகளில் விரிசல் பல வேளை, பிளேட்டுகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டின் துளையிலிருந்தே கிளம்பியிருக்கும். பழைய விரிசல் துருவேறிக் கறுத்திருக்கும், கடைசியாக முறிந்த இடம் மட்டும் பளிச்சென்று இருக்கும். அதாவது விரிசல் நாள்பட வளர்கிறது. அப்போதும் மற்ற பிளேட்டுகள் சுமையைத் தாங்கி வண்டியை ஊர் சேர்க்கின்றன. ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு இறுக்கும் யூ போல்ட்டுக்கு அடியில் மணல் புகுந்து அரைத்துக் கண்ணாடி இழை அறுந்தால், அதை டிரைவர் எப்படிக் காண்பார்? சுமையில் வளைவு குறைந்த எஃகை மறுபடி வளைத்துக் கொடுக்கலாம். இறுகிய எப்பாக்ஸியை வளைக்க முடியாது.

கயல்விழி:
கண்ணோடு கூடிய மெயின் பிளேட்டை எஃகாகவே வைத்து, அடியிலுள்ள துணைப் பிளேட்டுகளை மட்டும் கண்ணாடி இழைக்கு மாற்றினால், ஆக்ஸிலைப் பிடிக்கும் வேலை எஃகிடமே இருக்கும். எடைக் குறைப்பில் ஒரு பகுதியை இழந்தாலும், லாரிக்கு நான் அதைத்தான் முதலில் சோதித்துப் பார்ப்பேன்.

செங்கோடன்:
யூ போல்ட் இறுக்கும் இடத்தில் தேய்மானம் எவ்வளவு என்று, முழுச் சுமையோடு மண் சாலையில் ஓடிய பிறகு கழற்றிக் காட்டுங்கள். அதன்பின் என் வண்டியிலும் மாட்டிப் பார்க்கிறேன்.