ஆவாரஞ்செடி வளர்த்தவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க

காங்கேயத்துக்காரன்:
எங்க காட்டு வேலியோரம் முன்னெல்லாம் ஆவாரஞ்செடி பொதர் பொதரா கெடக்கும், போகிக்கு பூளைப்பூ, வேப்பங்கொழையோட சேத்து வீட்டு வாசல்ல காப்பு கட்ட எட்டி ஒடிச்சா போதும். ரோட்ட அகலப்படுத்தறப்போ ஜேசிபி வெச்சு மொத்தத்தையும் வழிச்சுட்டாங்க. அந்த வருஷம் பூளைப்பூவும் வேப்பங்கொழையும் காட்டுலயே கெடைச்சுது, ஆவாரம்பூ மட்டும் சந்தையில காசு குடுத்து வாங்குனோம், அம்மா அத கையில வாங்கிப் பாத்துட்டு ஒன்னுமே பேசுல. அப்ப முடிவு பண்ணுனதுங்க, வேலி பூரா மறுபடி ஆவாரைதான்னு.

மொத வருஷம் தை மாசம் காஞ்ச காய் பொறுக்கிட்டு வந்தேன், தட்டையா காயித மாதிரி இருக்குமே அது. வெதைய உதிர்த்து மழைக்கு முன்னாடி அப்படியே தூவுனேன், ஏறக்குறைய 200 வெதைக்கு 11 மொளைச்சுது. வெதை கெட்டதில்லீங்க, தோல் அவ்வளவு கெட்டி, தண்ணி உள்ளயே போகாது. அடுத்த வருஷம் தண்ணிய கொதிக்க வெச்சு அடுப்புலருந்து எறக்கி அதுல வெதைய போட்டு ராத்திரி பூரா விட்டேன், காலைல பாத்தா பாதிக்கு மேல உப்பியிருந்துச்சு, உப்புனது எல்லாம் ஒரு வாரம் பத்து நாள்ல மொளைச்சுருச்சு.

ஆனா அதுலயும் ஒரு தப்பு பண்ணிட்டேன். சின்ன கவர்ல போட்டு ஆறு மாசம் வெச்சிருந்தேன், நடறப்போ கவர கிழிச்சா ஆணிவேர் அடியில போயி வட்டமா சுருண்டு கெடக்குது. நட்ட 40ல மொத கோடைய தாண்டுனது ஏழு. ஆவாரைக்கு உயிரே அந்த ஆணிவேர்தான், நேரா கீழ எறங்கி ஈரத்த புடிச்சாத்தான் சித்திரை வெயில்ல நிக்கும். இப்ப புரட்டாசி கடைசில குழிக்கு மூணு வெதையா நேரடியா நெலத்துலயே போடறேன், அதுக்கப்புறம் மழை பாத்துக்குது.

விருதுநகர் அக்கா:
தம்பி, நான் வெந்நீர் வைக்கதில்ல, எத்தன சூடுன்னு கணக்கு தப்பினா வெத வெந்துரும். ரெண்டு உப்புத்தாளுக்கு நடுவுல வெதைய போட்டு லேசா தேச்சு, சாதா தண்ணில ஒரு ராத்திரி ஊற வைப்பேன், கொஞ்சமா போடுதவங்களுக்கு இதுதான் நல்லது. எங்களுது கரிசல். ஐப்பசி மழைல தண்ணி கட்டி நின்னுச்சுன்னா நாத்து தண்டு அழுகி சாஞ்சிரும், அதனால ஒரு சாண் மேடு போட்டு அதுமேல ஊனுதேன். செவக்காட்டுக்கு இதெல்லாம் வேண்டாம்.
கவர்ல வளக்கவே கூடாதுன்னு சொல்லாத தம்பி, நீட்டு கவரா எடுத்து ரெண்டு மாசத்துக்குள்ள நட்டுட்டா ஒண்ணும் ஆகாது, நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் குடுத்தேன், நிக்கி. ஆடு இத அவ்வளவா கடிக்காது, வேலிக்கு வைக்க அதுவே பெரிய நிம்மதி.
எங்க ஐயா சொல்லுவாக, அந்தக் காலத்துல ஆவாரம்பட்டைய உரிச்சு தோல் பதப்படுத்த வண்டி வண்டியா போகுமாம். அதுக்கப்புறம் வாட்டில்னு ஒரு வெளிநாட்டு மரத்துப் பட்டை வந்து அந்த யாவாரம் கொறஞ்சு போச்சுன்னு.

மாடித்தோட்டம் மதுரை:
தொட்டில வைக்கிறவங்க தண்ணிய கொறைங்க, தெனம் ஊத்தினா எல பழுத்து கொட்டுது. ரெண்டாவது வருஷம்தான் எனக்கு நல்லா பூத்துச்சு. பச்சைப் புழு வந்துச்சுன்னா வேப்பெண்ணெய் அடிச்சிராதீங்க, அது வெளிர் மஞ்சளா பறக்குமே அந்த வண்ணத்துப்பூச்சியோட புழு, அதுக்கு இந்தக் குடும்பத்துச் செடிதான் சாப்பாடு. எல போனாலும் மறுபடி துளுத்துரும். அப்புறம் காலைல பெரிய கருவண்டு வந்து பூவ கட்டிப்பிடிச்சு ஒரு அதிரு அதிரும் பாருங்க, மகரந்தம் அப்படித்தான் கொட்டுமாம். அந்த சத்தத்துக்காகவே டீய எடுத்துக்கிட்டு மாடிக்கு போயிடுவேன்.

ஹைதராபாத் தமிழன்:
இங்க இத தங்கேடுன்னு சொல்றாங்க, தெலங்கானாவோட மாநிலப் பூவே இதுதான். பதுக்கம்மா பண்டிகைக்கு தட்டுல வட்ட வட்டமா அடுக்குற பூவுல இது இல்லாம இருக்காது. நான் ஊருல இருந்து வெத கொண்டு வந்து வீட்டு வாசல்ல வளக்குறேன், பக்கத்து வீட்டம்மா அந்த ஒன்பது நாளும் கேட்டு வாங்கிட்டு போவாங்க, எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு சந்தேகம், மூணு வருஷ செடி, கீழ வெறும் குச்சியா நிக்குது, வெட்டலாமா? வெட்டுன குச்சிய நட்டா வருமா?

காங்கேயத்துக்காரன்:
தாராளமா வெட்டுங்க. காய் காஞ்சு வெதை எடுத்ததும் முழங்கால் ஒசரத்துக்கு வெட்டிட்டா அடியிலருந்து பொதரா வரும். எங்கப்பாரு வெட்டுன தழைய நெல்லு வயல்ல போட்டு மிதிச்சு விடுவாரு, அத்தன நல்ல தழையுரம். குச்சி எனக்கு ஒன்னு கூட வேர் புடிக்கல, வெதைதான் வழி. அக்கா சொன்ன மேடு, நீட்டு கவரு ரெண்டையும் இந்த வருஷம் பண்ணிப் பாக்கறேனுங்க.
எங்க வேலில இப்ப 60 செடிக்கு மேல நிக்குது. போன போகிக்கு அம்மாவே போயி ஒடிச்சுட்டு வந்தாங்க, தெருவுல நாலு வீட்டுக்கும் சேத்து. தை கடைசில காய் எடுப்பேன், வெதை வேணுங்கறவங்க இங்கயே சொல்லுங்க, காசெல்லாம் வேண்டாம்.