ஜிக் ஹெட் ஈயம் கறுக்காமல் இருக்க என்ன பூசலாம்?

வணக்கம் நண்பர்களே. முகத்துவாரத்தில் கொடுவா மீனுக்குப் போட வீட்டிலேயே ஜிக் ஹெட் (தலைப்பகுதியில் ஈயக் குண்டு வார்த்த தூண்டில் முள்) வார்க்கிறேன். 10, 14, 21 கிராம். அலுமினிய அச்சு, பழைய டயர் பேலன்ஸ் ஈயக்கட்டி. ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால் கொல்லையில் சின்ன அடுப்பு போதும். (காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் உட்காருவேன். பிள்ளைகளுக்கு அந்தப் பக்கமே வர அனுமதி இல்லை.)

அச்சைத் திறந்ததும் வெள்ளி மாதிரி மின்னுகிறது. நாலே நாளில் சாம்பல் நிறம். சரி, காற்று பட்டால் ஆக்சைடு படிவது ஈயத்தின் குணம். ஆனால் மரப்பெட்டியில் வைத்திருந்தவற்றின் மேல் வெள்ளைப் பொடியே பூத்துவிட்டது. மரத்திலிருந்து வரும் அமில ஆவிதான் காரணம் என்று பிறகுதான் புரிந்தது. பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிட்டேன். பளபளப்பு திரும்பட்டும் என்று வினிகரில் ஊறப்போட்டதும் நான்தான், அதுவும் அதே அமிலம்!

அப்புறம் நிறமில்லாத நெயில் பாலிஷ் பூசிப் பார்த்தேன். இரண்டு முறை கல்லில் இடித்ததும் உரிந்துவிட்டது.

பவுடர் பெயின்ட் (சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும் பொடி வண்ணம்) போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? முள்ளின் கண் (நரம்பு கட்டும் துளை) அடைபடாமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? சமையல் ஓவனில் ஈயத்தை வைக்க மாட்டேன், அதனால் சூடுபடுத்த வேறு வழி வேண்டும். ஈயத்தின் மினுக்கு அப்படியே தெரியவேண்டும் என்றால் கிளியர் லாக்கரா (நிறமில்லாத வார்னிஷ் மாதிரி), எபாக்சியா (இரண்டு திரவம் கலந்து இறுகும் பிசின்)? உப்புத் தண்ணீரில் எது அதிக நாள் தாங்குகிறது? பூசுவதற்கு முன் எதில் துடைக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.