கலிபிரேசனில் (அளவுத் திருத்தத்தில்) கை வைப்பதற்கு முன்: மின்சுற்றுப் போட்களில் பொருட்களைப் பொருத்தும் மெசின்களோடு மூன்று ஊர்ப் பட்டறைக்காரர்கள் பட்ட அனுபவங்கள்

கல்லடி, மட்டக்களப்பு

கட்டுநாயக்க வர்த்தக வலயத்தில் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பி, சிறு மின்னணுப் பொருட்களைத் தூக்கி போட்டில் வைக்கும் பழைய பிக் அண்ட் பிளேஸ் மெசின் ஒன்றை வாங்கி, வாவிக்கரைக்கு அருகே சிறிய பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். தண்ணீர் மோட்டர்களுக்கான கட்டுப்பாட்டு போட்களும் எல்இடி விளக்கு போட்களுமே எங்களுக்குப் பெரும்பாலும் வருகின்றன.

கடந்த மாரி காலத்தில், வெற்றிடத்தால் உறிஞ்சித் தூக்கும் குழல்முனையான நொசில் பொருளைத் தூக்கவில்லை என்ற அலாரம் மணிக்கு இருபது, முப்பது தடவை அடிக்கத் தொடங்கியது. பெரிய பொருட்களுக்கு அது வரவில்லை. ஒரு மில்லிமீற்றர் நீளமும் அரை மில்லிமீற்றர் அகலமும் கொண்ட 0402 ரெசிஸ்டர்களுக்கு மட்டுமே வந்தது. பொருட்களை ஒவ்வொன்றாக ஊட்டும் பீடர்களைக் கழற்றிப் பூட்டினோம், நொசில்களை மாற்றினோம், பயனில்லை. "வெற்றிட எல்லையைக் கொஞ்சம் குறைச்சுப் பார்ப்பமா அண்ணன்?" என்று என்னிடம் வேலை பழகும் தம்பி கேட்டான். ஒப்படைக்க வேண்டிய நாள் நெருங்கியிருந்ததால், செய்யக்கூடாது என்று தெரிந்தும் நானே அதைக் குறைத்தேன். நொசிலில் பொருள் இருக்கிறது என்று மெசின் முடிவு செய்யும் வெற்றிட அளவுதான் அந்த எல்லை.

அலாரம் உடனே நின்றது. பின்னேரம் போட்களை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, ரெசிஸ்டர் இருக்க வேண்டிய பல இடங்களில் சோல்டர் பசை மட்டும் குத்துப்படாமல் பளபளத்துக் கொண்டிருந்தது. சிறிய நொசிலின் துளை மிக நுண்ணியது என்பதால், பொருள் ஒட்டியிருக்கும்போதும் வெறுமையாக இருக்கும்போதும் சென்சர் காட்டும் அழுத்தத்துக்கு இடையிலான வேறுபாடு இயல்பாகவே குறைவு. எல்லையை நான் இறக்கியதும், வெறும் நொசிலையும் நிறைந்த நொசிலாக மெசின் நம்பிவிட்டது.

மறுநாள், செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். எங்கள் மெசினில் வெற்றிடம் தனிப் பம்பினால் உண்டாவதில்லை. கொம்பிரசர் காற்றை ஓர் ஒடுங்கிய வழியால் வேகமாகச் செலுத்தும் இஜெக்டரே அதை உண்டாக்குகிறது. அதிலிருந்து காற்று வெளியேறும் வாயிலுள்ள சைலன்சரைக் கழற்றி விரலில் தட்டினேன். பால் போன்ற வெள்ளை நீர் சொட்டியது, கொம்பிரசர் எண்ணெயும் தண்ணீரும் கலந்த நீர். மாரியில் காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கிறது. அதை அழுத்தி, பின்னர் குழாய்களில் குளிரவிட்டால், ஈரம் தண்ணீராக இறங்காமல் வேறு எங்கே போகும்? சைலன்சர் அடைபட்டதால் காற்று வெளியேற வழியின்றி வெற்றிடம் −70 கிலோபாஸ்கலில் இருந்து −50க்கு வலுக்குறைந்திருந்தது. சென்சர் முதல் நாளிலிருந்தே உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

சைலன்சரை மாற்றி, வடிகட்டியைத் துப்புரவாக்கி, எல்லையைப் பழைய இடத்துக்கு ஏற்றினேன். மாரி முடியும்வரை கொம்பிரசர் தாங்கியின் அடிவால்வைக் காலையும் மாலையும் திறந்து தண்ணீரை வெளியேற்றுவது இப்போது தம்பியின் வேலை.

கல்முனை

எங்கள் பிரச்சினைக்குத் தண்ணீர் காரணமன்று, வெயில். போட் நுழையும் இடத்திலுள்ள ஒளிச் சென்சர், கொன்வேயர் வெறுமையாக இருந்தபோதும் போட் இருப்பதாகக் காட்டி வரிசையை நிறுத்திவிடும். சென்சரை மாற்றினோம், வயரை மாற்றினோம், கன்ட்ரோல் கார்டைக்கூடச் சந்தேகித்தோம். அதற்குச் செலவழித்த பணத்தை இங்கே எழுத விரும்பவில்லை. பிழை வந்த நேரங்களை ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டு வந்த பிறகுதான், அவை எல்லாமே காலை ஏழரைக்கும் எட்டேகாலுக்கும் இடையில் இருப்பதும், மப்பும் மந்தாரமுமான நாட்களில் ஒன்றுகூட இல்லாதிருப்பதும் கண்ணில் பட்டன.

எங்கள் பட்டறையின் யன்னல் கடலைப் பார்த்தது. காலை வெயில் சாய்வாக வந்து, சென்சரின் ஒளியைப் பெறும் பகுதியான வாங்கியின் முகத்தில் நேரே விழுந்தது. இத்தகைய சென்சர்கள் துடிப்பாக அனுப்பப்படும் ஒளியை மட்டுமே பிரித்தறிந்து, அறை வெளிச்சத்தைப் புறக்கணிக்கும். ஆனால் நேர் வெயில் வாங்கியைத் திணறடித்துவிட்டால் அந்தத் துடிப்பும் அதற்குத் தெரியாது, எதிரே ஏதோ மறைக்கிறது என்றே அது முடிவு செய்யும். யன்னலுக்குக் கறுப்பு ரெக்சின் துணி ஒன்றைத் தைத்துப் போட்டதோடு பிழை போய்விட்டது.

அக்கரைப்பற்று

நான் சொல்வது கலிபிரேசனே செய்து கெடுத்த கதை. இரவு முழுவதும் கரண்ட் இல்லாமல் இருந்து விடியற்காலையில் வந்த ஒரு நாள், கீழ்க் கமராவுக்கும் நொசில்களைத் தாங்கும் தலைக்கும் இடையிலான தூரத்தை மெசின் சூடேறுவதற்கு முன்பே கலிபிரேசன் செய்துவிட்டேன். முதல் இருபது போட்கள் அச்சாக வந்தன. பத்து மணிக்குப் பிறகு, 0.4 மில்லிமீற்றர் இடைவெளியில் கால்கள் கொண்ட ஐசி மட்டும் ஒரே பக்கமாக விலகத் தொடங்கியது.

உருக்கு ஒரு மீற்றர் நீளத்துக்கு, ஒரு பாகை வெப்பத்துக்கு, ஏறத்தாழ 11.5 மைக்ரோன் விரியும். தலையை நகர்த்தும் 400 மில்லிமீற்றர் திருகுத் தண்டு எட்டுப் பாகை சூடேறினால் விலகல் ஏறத்தாழ 37 மைக்ரோன். ரெசிஸ்டருக்கு அது ஒன்றுமேயில்லை. அந்த ஐசியின் காலுக்கோ அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. போட்டில் அடையாளத்துக்காக இடப்பட்டுள்ள ஃபிடுசியல் புள்ளிகளை மேல்கமரா ஒவ்வொரு முறையும் வாசிப்பதால் எல்லாம் தானாகச் சரியாகும் என்று நினைத்திருந்தேன். போட் எங்கே இருக்கிறது என்பதை மட்டுமே அந்தப் புள்ளிகள் சொல்லும். நொசிலில் பொருள் எப்படி ஒட்டியிருக்கிறது என்று பார்க்கும் கீழ்க் கமராவின் தூரம் மாறியதை அவை அறியமாட்டா.

இப்போது மெசினை அரை மணித்தியாலம் வெறுமனே ஓடவிட்டு, கமரா கண்ணாடியைத் துடைத்த பின்னரே கலிபிரேசனைத் திறக்கிறேன். பழைய எண்கள், புதிய எண்கள், அறை வெப்பம் மூன்றையும் மெசின் கதவின் உட்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைக்கிறேன். கல்லடி அண்ணன் அந்த வெற்றிட எல்லையின் பழைய எண்ணை எங்கே குறித்து வைத்திருந்தார் என்பதை அறிய ஆவல்.

கல்லடி, மட்டக்களப்பு

எங்கும் குறிக்கவில்லை, தம்பி. புதிய நொசில் ஒன்றைப் பூட்டி, பொருளோடும் பொருளில்லாமலும் பத்துப் பத்துத் தடவை அளந்து, இரண்டுக்கும் நடுவே வைத்தேன். அரை நாள் போனது.