லால்பாக் பூ கண்காட்சியில செடி வாங்கலாமா?

கேள்வி: ஆகஸ்ட்ல பெங்களூர் லால்பாக் ஃப்ளவர் ஷோ போறோம், சென்னை வீட்டு பால்கனிக்கு ஐடியாவும் வேணும் செடியும் வாங்கணும், எப்போ போனா நல்லது?

பதில் 1: சுதந்திர தினத்தன்னிக்கு மட்டும் போகாதீங்க, கூட்டம் தாங்காது. வாரநாள்ல காலைல கேட் திறந்ததும் நுழைஞ்சிடுங்க. முதல்ல 1889ல கட்டுன கண்ணாடி மாளிகை, பூ அலங்காரம் எல்லாம் அங்கதான், அப்புறமா ஸ்டால் பக்கம் வாங்க. காரை மறந்துடுங்க, பச்சை லைன் மெட்ரோல லால்பாக் ஸ்டேஷன்லயே இறங்கலாம்.

பதில் 2: அங்க ஜெரேனியம், ஃபியூஷியா எல்லாம் பூத்துக் குலுங்குறத பார்த்து ஆசைப்பட்டு வாங்கிடாதீங்க ப்ளீஸ், பெங்களூர் 900 மீட்டர் உயரத்துல இருக்கு, ராத்திரி குளுகுளுன்னு இருக்கும், நம்ம சென்னை வெயில்ல அதுங்க பாவம் தாங்காது. விதை, தொட்டி, பூவாளி மாதிரி வாங்கிக்கோங்க. செடிதான் வேணும்னா போகன்வில்லா, அடீனியம், ரெண்டும் வெயில்னா கொண்டாட்டம்.

கேள்வி கேட்டவர்: ரொம்ப நன்றிங்க! பால்கனில மதியம் வரைக்கும்தான் வெயில் வரும், அடீனியம் பூக்குமா?

பதில் 2: அஞ்சாறு மணி நேரம் நேர் வெயில் இருந்தா பூக்கும், தண்ணி மட்டும் தேங்காம பாருங்க, வேர் அழுகிடும். மணல் கலந்த மண்ணுல வைங்க.