மஸ்டாங்கால் பிடிக்க முடியாத பலூனா?

செம்பனைக்காரன்:
போன வாரம் சுங்கை சிப்புட்டில், எங்கள் தோட்டத்து நீர்த்தொட்டிக்கு மேலே ஒரு வெள்ளை வெளிச்சம் என் மோட்டாரோடு கூடவே வந்தது என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். 1948 அக்டோபர் 1 இரவு, அமெரிக்காவில் ஃபார்கோ நகரத்துக்கு மேலே ஜார்ஜ் கோர்மன் இதே மாதிரி ஒன்றை 27 நிமிடம் துரத்தினார். சும்மா ஆள் இல்லை. போர்க்காலத்தில் மற்றவர்களுக்கு விமானம் ஓட்டச் சொல்லிக் கொடுத்தவர். ஓட்டியது மஸ்டாங் போர் விமானம். விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர்களும் அந்த வெளிச்சத்தைப் பார்த்தார்கள். கடைசியில் விமானப்படை சொன்ன முடிவு: விளக்குக் கட்டிய வானிலை பலூன். மஸ்டாங்கால் பிடிக்க முடியாத பலூனா?

பால்மரத்துப் பேத்தி:
அண்ணே, பலூன் ஓடவே வேண்டாம். ஓடியது மஸ்டாங். இருட்டில் ஒற்றை விளக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. விமானம் திரும்பினால் விளக்கு திரும்புவதாகத் தெரியும், நேரே போனால் மேலே பாய்ந்து வருவதாகத் தெரியும். பாட்டி நெற்றி விளக்கோடு பால் எடுக்க ரப்பர் மரத்தைச் சீவும்போது அப்பா மோட்டாரில் என்னைப் பள்ளிக்குக் கொண்டுபோவார். அந்த விளக்கு மரத்துக்கு மரம் தாவி ஓடும். பாட்டியோ ஒரே மரத்தடியில்தான் நிற்பார்.

பழைய கிராணி:
அதெல்லாம் சரி தங்கச்சி. இறங்கிய பிறகு விமானத்தைக் கைகர் கருவி வைத்துப் பார்த்தார்களே, பறக்காமல் கிடந்த விமானங்களைவிட அதில் கதிரியக்கம் கூடுதலாக இருந்ததே! பலூனிலா அது ஒட்டிக்கொண்டு வந்தது?

பால்மரத்துப் பேத்தி:
ஒப்பிட்டதே தரையில் கிடந்த விமானங்களோடுதானே, ஐயா? உயரத்தில் காற்றுப் போர்வை மெலிசு. விண்வெளிக் கதிர் கூடுதலாகப் படும். கோர்மன் வெளிச்சத்தையே பார்க்காமல் சும்மா ஒரு சுற்றுப் பறந்து வந்திருந்தாலும் கருவி கூடுதலாகக் காட்டியிருக்கும். பறந்து வந்த இன்னொரு விமானத்தோடு ஒப்பிட்டிருந்தால் பேசலாம்.

செம்பனைக்காரன்:
எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறாய். அப்போ வானில் தெரிந்த மர்மப் பொருள்களைப் பற்றி அமெரிக்க விமானப்படை நடத்தி, 1969-இல் மூடிய புளூ புக் விசாரணை? 12,618 சம்பவத்தில் 701-க்கு விளக்கமில்லை என்று அவர்களே எழுதி வைத்தார்கள். மறைக்க நினைத்தவன் அதையா சொல்வான்?

பால்மரத்துப் பேத்தி:
மறைத்தார்கள் என்று நான் சொல்லவே இல்லை. 701 என்றால் நூற்றுக்கு ஐந்தரை. அதில் உண்மையிலேயே சுவாரசியமானது இருக்கலாம், நானும் படிப்பேன். ஆனால் நீங்கள் கொண்டுவந்த கோர்மன் அந்தக் கணக்கிலேயே இல்லை, அண்ணே. அவரைப் பலூன் பக்கம் போட்டுவிட்டார்கள்.

பழைய கிராணி:
அடிபட்டாய் தம்பி.

செம்பனைக்காரன்:
இல்லை ஐயா, என் வெளிச்சம் இன்னும் பாக்கி இருக்கிறது. இன்று ராத்திரியும் அதே வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறேன்.

பால்மரத்துப் பேத்தி:
போங்க. தொட்டிக்கிட்டே வந்ததும் மோட்டாரை நிறுத்திவிட்டுப் பாருங்க. அதுவும் நிற்கிறதா என்று மட்டும் எழுதுங்க.