அப்பச்சிக்கு ஹெர்னியா, இப்போது ரத்தக்குழாயிலும் வீக்கமாம்

காரைக்குடிக்காரன்:
அப்பச்சிக்கு 68 வயது. இரண்டு பக்கமும் ஹெர்னியா (குடலிறக்கம்), போன வருடம்தான் வலை வைத்துத் தைத்தார்கள். இப்போது வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்ததில் வயிற்றுப் பெருந்தமனி, அதாவது வயிற்றுக்குள் ஓடும் பெரிய ரத்தக்குழாய், 3.4 செ.மீ. அகலம் என்று வந்திருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து ரிப்போர்ட்டை நாலு தடவை படித்துவிட்டேன். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

திண்ணைவாசி:
இருக்கலாம் தம்பி. வயிற்றுச் சுவருக்கும் தமனிச் சுவருக்கும் உறுதி கொடுப்பது கொலாஜன் என்கிற புரதம், அது நைந்தால் ஓரிடத்தில் குடல் பிதுங்கும், இன்னோரிடத்தில் குழாய் உப்பும். தமனி வீக்கத்துக்காக வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தவர்களுக்குத் தழும்பு வழியே ஹெர்னியா வருவது, தமனி அடைப்புக்காகச் செய்தவர்களைவிட அதிகம் என்று ஆய்வுகளிலேயே பார்த்திருக்கிறார்கள். அதற்காக ஹெர்னியாதான் தமனியைக் கெடுத்தது என்று இல்லை. சிகரெட் உண்டா?

காரைக்குடிக்காரன்:
உண்டாவா! கல்லாவில் உட்கார்ந்தால் சாம்பல் கிண்ணம் நிரம்பித்தான் எழுந்திருப்பார்.

தேவகோட்டை நர்ஸ்:
அப்போ முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள், கொலாஜனை அரிப்பதே அந்தப் புகைதான். இந்தத் தமனி சாதாரணமாக 2 செ.மீ. சுமார், 3 ஆகிவிட்டால் வீக்கம், ஆண்களுக்கு 5.5 வந்தால்தான் பொதுவாக ஆபரேஷன் பேச்சு. அதுவரை டாக்டர் சொல்லும் இடைவெளியில் ஸ்கேன், பிரஷர் மாத்திரை. ஆனால் திடீரென்று வயிறோ முதுகோ பிளக்கிற மாதிரி வலித்தால், வாயு என்று பெருங்காயம் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

காரைக்குடிக்காரன்:
சரி அக்கா. சாம்பல் கிண்ணத்தை ஆத்தா இப்போதே ஒளித்துவிட்டார்கள்.