சீசன் முடிவில் கூடாரத்தடியை மூடும் ஒழுங்கு: எது முதல், எது கடைசி? (நிலாவெளி)

இறக்கக்கண்டிக் காவல்:

வணக்கம். நிலாவெளிப் பக்கம் கடற்கரையோரக் கூடாரத்தடி ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. 12 கூடாரம் (பொலியெஸ்டர் துணி, அலுமினியக் கம்பி), இரண்டு மலசலகூடம், அதற்கு நிலத்துக்குள் புதைத்த பிளாஸ்டிக் மலத்தொட்டி, ஒரு கட்டுக்கிணறு, 1000 லீற்றர் தண்ணீர்த் தாங்கி இரண்டு, சோலருக்கு 12 வோல்ட் பற்றரி, சின்னப் பெற்றோல் ஜெனரேற்றர். செப்டெம்பர் கடைசியோடு ஆட்கள் குறைந்துவிடும். ஆனால் ஒக்டோபர் நடுப்பகுதிவரை நாலு கூடாரமாவது திறந்திருக்க வேணும் என்று முதலாளி சொல்கிறார். அதற்குப் பிறகு தை முடியும்வரை காவலுக்கு நான் மட்டும்தான்.

எதை முதலில் கழற்றுவது? மலத்தொட்டியை மாரிக்கு முன்னம் இறைப்பித்துவிடுவதா? கடைசி வாரங்களில் வந்து தங்குகிற ஆட்களுக்கு என்னென்ன ஒழுங்கு வேணும்? தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்லுங்கள்.

---

கச்சான்:

தம்பி, துணியில் தொடங்குங்கள், மற்றதெல்லாம் பிறகு. கூடாரம் கழற்ற, முதலாவது மழை வரட்டும் என்று காத்திருக்கிறவர்கள்தான் அதிகம். அது பிந்திய வேலை. மழை தொடங்கமுதலே காயவைக்கிற காற்று நின்றுவிடும். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற காலமெல்லாம் கழுவிய துணி ஒரே நாளில் காயும். கச்சான் ஓய்ந்து வாடை (வடகிழக்குக் காற்று) பிறக்கிற இடைக்காலத்தில் காற்றிலேயே ஈரம், மூன்று நாள் கட்டிப்போட்டாலும் தையலுக்குள் ஈரம் நிற்கும். ஆகவே எட்டுக் கூடாரத்தையும் செப்டெம்பர் மூன்றாம் வாரத்துக்குள் கழற்றிவிடுங்கள்.

கடற்கரைக் கூடாரத்துக்கு உப்புத்தான் முதல் எதிரி. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால் காய்ந்த துணிகூடச் சாக்குக்குள் மறுபடி பிசுபிசுக்கும். கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால் அதில் கழுவி ஒரு பலனும் இல்லை, கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் எடுங்கள். இரண்டு தரம் அலச வேணும். சலவைத்தூள் போடவே கூடாது, தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கிற பூச்சை அது தின்றுவிடும். அழுக்குள்ள இடத்தில் மட்டும் மென்மையான சவர்க்காரமும் பஞ்சும். நிழலில், காற்றோட்டத்தில் காயவையுங்கள். வெயில் துணியை நொறுக்கும்.

சிப்பில் நிற்கும் மணலைப் பழைய பல் பிரசால் தண்ணீர் விட்டுத் தட்டி எடுத்து, காய்ந்த பிறகு சிலிக்கோன் ஸ்பிரே. தேங்காயெண்ணெய், கிறீஸ் பூசினால் அதிலேயே மணல் ஒட்டி அடுத்த சீசனில் பற்களை அரைத்துவிடும். கம்பிகளைப் பொருத்து வாய்க்குள்ளும் கழுவித் துடையுங்கள், உப்பு நின்றால் அலுமினியம் வெண்மாவாகப் பூத்து ஒன்றோடொன்று இறுகும். மடிக்கும்போது நடுவிலிருந்து மடியுங்கள், உள்ளே ஓடும் ரப்பர் கயிற்றின் இழுவை இரண்டு பக்கமும் சமமாகும்.

பொலித்தீன் பையில் கட்டாதீர்கள். பருத்திச் சாக்கில் தளர்வாக, போன வருட மடிப்பிலேயே மடிக்காமல், கூரை வளையில் கம்பி கட்டித் தொங்கவிடுங்கள். நிலத்தில் வைத்தால் கறையான், அலுமாரியில் வைத்தால் எலி.

---

உப்புவெளி வாசி:

மலத்தொட்டி பற்றி: இறைப்பித்துவிட்டு வெறுமையாக விடாதீர்கள், இதுதான் மிகப் பெரிய ஆபத்து. கார்த்திகையில் கரையோர மணலில் நிலத்தடி நீர் மேலே ஏறும். வெறும் பிளாஸ்டிக் தொட்டி அதில் மிதந்து மண்ணைத் தள்ளிக்கொண்டு எழும்பும், குழாய்களும் முறியும். இறைப்பிப்பதென்றால் செப்டெம்பரில் செய்து, அன்றைக்கே நல்ல தண்ணீரால் நிரப்பிவிடுங்கள். இறைக்காமல் விட்டால் வேறு கரைச்சல்: நீர்மட்டம் ஏறினால் உறிஞ்சுகுழி (தொட்டியிலிருந்து வழியும் கழிவுநீர் மண்ணுக்குள் இறங்கும் குழி) வாங்காது, தொட்டி நிரம்பி மலம் வெளியே வரும். உறிஞ்சுகுழிக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 50 அடி இருக்கிறதா என்று இப்போதே அளந்து பாருங்கள். மணல் நிலத்தில் அதுகூடப் போதாமல் போகலாம்.

தாங்கியும் அதே கதைதான், ஆனால் காற்றால். வெறும் 1000 லீற்றர் தாங்கியைக் காற்று தூக்கும். நிரம்பியது ஒரு தொன், அசையாது. இரண்டையும் நிரப்பி, மூடியை இறுக்கி, வழிகுழாய் வாயில் நுளம்புவலை கட்டுங்கள். மழைக்காலம் டெங்குக் காலமும்தான்.

திரும்பத் திறக்கும்போது தாங்கியைக் கழுவி, 1000 லீற்றருக்கு 30 வீதக் குளோரின் தூள் 170 கிராம் கரைத்து (லீற்றருக்கு 50 மில்லிகிராம் குளோரின்) ஒரு இரவு விட்டு, கிணற்றுக்குத் தூரமாக வெளியேற்றுங்கள். வெள்ளம் உள்ளே இறங்கிய கிணற்றுக்கும் அதே அளவுதான். தண்ணீரைக் கணக்கிட: விட்டம் × விட்டம் × 0.785 × நீரின் ஆழம், எல்லாம் மீற்றரில், வருவதை 1000 ஆல் பெருக்கினால் லீற்றர். 1.2 மீற்றர் விட்டம், 1.5 மீற்றர் நீர் என்றால் ஏறத்தாழ 1700 லீற்றர், தூள் 280 கிராம். கிணற்றை ஒரே மூச்சில் வற்ற இறைக்காதீர்கள். கரையோரத்தில் நல்ல தண்ணீர் உவர்த் தண்ணீருக்கு மேல் படையாகத்தான் நிற்கிறது, அதை இறைத்துவிட்டால் கீழிருந்து உவர் ஏறும்.

---

வாடைக்காற்று:

கடைசி நாலு கூடாரத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. உயிரோடு சம்பந்தப்பட்டது அதுதான்.

ஒக்டோபரில் பின்னேர இடிமழை வழமை. கூடாரம் மின்னலுக்கு எந்தப் பாதுகாப்பும் தராது. மின்னலுக்கும் இடிச்சத்தத்துக்கும் இடையில் 30 வினாடிக்குக் குறைவென்றால் எல்லாரையும் கல்வீட்டுக்குள்ளோ கதவு பூட்டிய வாகனத்துக்குள்ளோ கொண்டுபோங்கள். கிடுகுக் கொட்டில் உதவாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே விட வேணும். ஆட்கள் வந்து இறங்கும்போதே அந்தக் கட்டடத்தைக் காட்டிவிடுங்கள், இருட்டில் மழைக்குள் நின்று சொல்லி விளங்கவைக்க முடியாது.

தென்னைக்குக் கீழே ஒரு கூடாரமும் வேண்டாம். முற்றின தேங்காயையும் காய்ந்த மட்டையையும் செப்டெம்பரிலேயே இறக்குவியுங்கள்.

நனைந்த மணலில் இரும்பு முளை நிற்காது. உரப்பையில் பாதிக்கு மணல் போட்டுக் கட்டி, அதன் நடுவில் கயிற்றை முடிந்து, ஒன்றரை அடி ஆழத்தில் படுக்கவைத்துப் புதையுங்கள். கயிறு நைலோன் என்றால் நனைந்ததும் நீளும், மழை விட்டதும் சுற்றிப்போய் இறுக்க வேணும். பருத்திக் கயிறு எதிர்மாறு, நனைந்தால் சுருங்கி முளையைப் பிடுங்கும், ஆகவே மழைக்கு முன் தளர்த்துங்கள்.

கடலும் அதே மாதத்தில்தான் குணம் மாறுகிறது. மே தொடங்கி ஓகஸ்ட்வரை குளம்போல் கிடந்த இடத்தில் அலை எழும்பி இழுவை வரும். புறாத்தீவு கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவுதானே என்று வற்புறுத்துகிற ஆட்கள் இருப்பார்கள். படகுக்காரர் வேண்டாம் என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிவித்தலைக் காலையும் மாலையும் பார்த்துப் பலகையில் எழுதிப் போடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அம்புலன்ஸ் 1990, இரண்டும் அதே பலகையில் இருக்கட்டும்.

---

இறக்கக்கண்டிக் காவல்:

மிக்க நன்றி. இரண்டு கேள்வி மிச்சம். ஒரு கூடாரத்தில் ஏற்கெனவே கறுத்தப் பூஞ்சணப் புள்ளி இருக்கிறது. பிளீச் போடலாமா? மற்றது, கரைப்பக்கம் படர்ந்த கொடிகளை வெட்டித் துப்புரவாக்கச் சொல்கிறார்கள்.

---

கச்சான்:

பிளீச் வேண்டாம், பூச்சும் போகும், தையல் நூலும் நலியும். வினாகிரி ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு கலந்து தடவி, அரை மணித்தியாலம் விட்டு அலசிக் காயவையுங்கள். பூஞ்சணம் சாகும், கறுப்புக் கறை நிற்கும். கறை தண்ணீரை உள்ளே விடாது, அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆனால் உட்பக்கப் பூச்சு ஒட்டுத்தன்மையாகி நாறினால் அந்தத் துணி முடிந்தது, திருத்த வழியில்லை.

கொடியை வெட்டவே வேண்டாம். அடம்பன் கொடியும் இராவணன் மீசையும்தான் அந்த மணல்மேட்டைப் பிடித்துவைத்திருக்கின்றன. துப்புரவு என்று அதைச் செதுக்கிய இடத்தில் வாடைக் கடல் மண்ணை அள்ளும், அடுத்த வருடம் முதல் வரிசைக் கூடாரத்துக்கு நிலம் இருக்காது. முதலாளிக்கு இதைக் கட்டாயம் எடுத்துச் சொல்லுங்கள். நடக்க ஒரு பாதை போதும், அதையும் கடலுக்கு நேராக வெட்டாமல் வளைத்து விடுங்கள்.

---

மூதூர் மின்வேலை:

பற்றரியும் ஜெனரேற்றரும் விடுபட்டுவிட்டன.

ஈய அமிலப் பற்றரி என்றால் முழுக்க ஏற்றி (ஓய்வில் 12.7 வோல்ட்), மறைமுனையை (−) கழற்றி, பலகை மேல் வையுங்கள். மாதம் ஒருமுறை மீற்றர் பிடித்து 12.4 க்குக் கீழே போனால் திரும்ப ஏற்றுங்கள். இறங்கின நிலையில் கிடந்தால் தட்டில் சல்பேற்று இறுகி, தையில் சார்ஜ் பிடிக்காது. லிதியம் என்றால் முழுக்க ஏற்றி வைக்கக்கூடாது, பாதி அளவில் விடுங்கள். காவலுக்கு இரண்டு வெளிச்சம் தேவைப்படும்தானே, அதற்கு ஒரு பனலும் ஒரு பற்றரியும் மட்டும் ஓடட்டும். மற்றப் பனல்களைக் கழற்றி நல்ல தண்ணீரால் கழுவி உள்ளே வையுங்கள்.

ஜெனரேற்றரில் பெற்றோலை விட்டால் காபுரேற்றருக்குள் பிசினாகப் பிடிக்கும். பெற்றோல் குழாயைப் பூட்டி, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, காபுரேற்றரின் அடி ஆணியைத் தளர்த்தி மிச்சத்தையும் வடியுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்தத் துளைக்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு தரம் இழுத்துப் பூட்டுங்கள்.

காஸ் சிலிண்டர் வெள்ளத்தில் மிதக்கும். ரெகுலேற்றரைக் கழற்றி, மூடியிட்டு, நிமிர்த்தி, கட்டடத்துக்கு வெளியே உயரமான இடத்தில் சங்கிலியால் கட்டுங்கள்.

எல்லாம் நவம்பர் முதல் வாரத்துக்குள் முடிய வேணும். மட்டக்களப்பை அடித்த 1978 புயல் நவம்பர் 23, திருகோணமலைக் கரையால் ஏறிய புரெவி 2020 டிசம்பர் 2. எச்சரிக்கை வந்த பிறகு கிடைக்கிற நேரம் ஆட்கள் வெளியேறத்தான் காணும், அதற்குள் தாங்கி நிரப்பவோ பனல் கழற்றவோ முடியாது.